விமான டிக்கெட் விலை ஆடும் ஆட்டம்: குட்வில் எஸ்டேட்டிலிருந்து கிளம்புமுன் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பயணிகள் ரயில் ஓடாத அந்தமான் மண் இது. குட்வில் எஸ்டேட்டிலிருந்து மதுரைக்கோ ராமநாதபுரத்துக்கோ போக வேண்டுமென்றால் முதலில் விமானம், அது கட்டுப்படியாகாவிட்டால் கப்பல். சென்னையில் கால் வைத்த பிறகுதான் ரயில். விமான விலையைப் பார்த்து மலைத்துப்போகிற சென்னைக்காரர் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிவிடலாம். நமக்கு அந்த வழி இல்லை என்பது விமானக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு நன்றாகவே தெரியும்.

1994-இல் விமானத் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு கட்டணத்தைக் கம்பெனிகளே நிர்ணயிக்கின்றன. ஒரே விமானத்தில் ஒரே மாதிரி ஸீட்டுகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ் அடுக்கு விற்றுத் தீர்ந்தால் அடுத்த அடுக்கு. எப்போதாவது ஒரு சைபர் விட்டுப்போய், அல்லது நாணய மாற்றுக் கணக்கு பிசகி, பத்தில் ஒரு பங்கு விலையில் டிக்கெட் வந்து விழும். அதைத்தான் எரர் ஃபேர் என்கிறார்கள். அது கிடைத்த சந்தோஷத்தில் ஹோட்டல், ரயில், கல்யாண மண்டபம் என்று எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டி, பிறகு டிக்கெட் ரத்தாகி நொந்துபோனவர்கள் நிறையப் பேர். கீழே உள்ளதை இன்றே செய்யுங்கள். அடுத்த பயணத்துக்கு ஆகும்.

செய்ய வேண்டியவை

போவதற்குத் தனியாக, வருவதற்குத் தனியாக விலை பாருங்கள். உள்நாட்டு விமானங்களில் போக வர சேர்த்து எடுத்தால் மலிவு என்பது பெரும்பாலும் பழைய கதை. நம் தீவில் இரண்டு கூட்டம் எதிரெதிர்த் திசையில் நகர்கிறது. டிசம்பர் மூன்றாவது வாரம் டூரிஸ்ட்டுகள் சென்னையிலிருந்து இங்கே வருவார்கள். புத்தாண்டு கழிந்ததும் மொத்தமாகத் திரும்புவார்கள். நம் ஆட்கள் பொங்கலுக்கு முன்பு மெயின்லேண்ட் போய், பொங்கல் முடிந்து வருவார்கள். இங்கே வரும் விமானம் நிரம்பி வழிகிற வாரத்தில், அதே விமானம் திரும்பிப் போகும்போது காலி ஸீட்டோடு போகலாம். ஜனவரி 2-ஆம் தேதி சென்னைக்குப் போக நினைப்பவர் டூரிஸ்ட்டோடு போட்டி போடுகிறார். அதையே 8-ஆம் தேதிக்குத் தள்ளினால் போட்டி குறையும். ஒரு மாத விலையைக் காலண்டர் மாதிரி காட்டும் வசதி பல தளங்களில் உண்டு. இரண்டு திசைக்கும் அதைத் தனித்தனியாகத் திறந்து பாருங்கள்.

முதலில் ஒரே ஒரு ஆளுக்கு விலை தேடுங்கள், பிறகு குடும்பத்துக்கு. நான்கு பேர் என்று போட்டால், நான்கு ஸீட்டும் ஒரே அடுக்கில் கிடைக்கிற விலையைத்தான் கம்ப்யூட்டர் பெரும்பாலும் காட்டும். உதாரணமாக 6,200 ரூபாய் அடுக்கில் இரண்டு ஸீட்தான் மிச்சம், அடுத்தது 7,900 என்று வையுங்கள். நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடினால் 31,600. இரண்டு இரண்டாகப் பிரித்து எடுத்தால் 28,200. மிச்சம் 3,400 ரூபாய். பிரிக்கும்போது குழந்தையும் ஒரு பெரியவரும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். விமானம் ரத்தாகும் நாளில் தனித்தனி பி.என்.ஆர். தனித்தனி விமானத்துக்கு மாற்றப்படலாம். வயதான அம்மாவையும் தனியாக விடாதீர்கள்.

ஊர்ப் பெயரோடு ஐ.எக்ஸ்.இஸட். என்ற குறியீட்டையும் போட்டுத் தேடுங்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. சில தளம் பழைய பெயரைக் காட்டும், சில புதியதை. குறியீட்டுக்குக் குழப்பம் கிடையாது.

பணம் கட்டும் கடைசிப் பக்கத்து மொத்தத்தை மட்டும் ஒப்பிடுங்கள். முதல் பக்கத்தில் மலிவாகத் தெரிவது, கன்வீனியன்ஸ் ஃபீ, ஸீட் காசு, லக்கேஜ் காசு எல்லாம் சேர்ந்ததும் பக்கத்துக் கம்பெனியைத் தாண்டிவிடும். கேட்காமலே டிக் போட்டிருக்கும் இன்ஷூரன்ஸை எடுத்துவிடுங்கள். இப்படிக் கூடையில் நைசாகப் போடுவதையும், விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவதையும் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே ஏமாற்று உத்தி என்று பட்டியலிட்டிருக்கிறது. பட்டியலிட்டார்கள்; இன்னும் நடக்கத்தான் செய்கிறது.

டிக்கெட் வந்த அன்றே பெயர், தேதி, மாதம் சரிபாருங்கள். பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருந்தால், புக் செய்த 48 மணி நேரத்துக்குள் ரத்துக் கட்டணம் இல்லாமல் டிக்கெட்டை விட்டுவிடலாம் என்பது டி.ஜி.சி.ஏ. விதி. தேதியை மாற்றினால் புது விமானத்தின் விலை வித்தியாசம் மட்டும் கட்ட வேண்டியிருக்கும். கம்பெனியின் சொந்தத் தளத்தில் எடுத்திருந்தால், பெயரில் எழுத்துப் பிழையை 24 மணி நேரத்துக்குள் சொன்னால் காசு இல்லாமல் திருத்துவார்கள். ஏஜென்ட் வழியாக எடுத்தால் அவருடைய சர்வீஸ் சார்ஜ் போனது போனதுதான். நம் ஆட்களுக்கு அப்பா பெயர், இனிஷியல் என்று ஆதாரில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரியும் இருக்கும். கையில் எதைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ளபடி அடியுங்கள்.

ரத்துக்கான அந்த 48 மணி நேரத்தை விலை பார்க்கவும் பயன்படுத்துங்கள். கிடைத்த விலைக்கு முதலில் எடுத்து வையுங்கள். அன்று இரவு நிதானமாக மற்ற தேதிகளையும், கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் வழிகளையும் பாருங்கள். வேறெங்காவது இறங்கியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: மூன்று நாள் யோசித்து, விலை ஏறியதும் பதறி எடுப்பது.

எரர் ஃபேர் கையில் சிக்கினால் உடனே எடுங்கள், கிரெடிட் கார்டில் கட்டுங்கள். மணிக்கணக்கில்கூட நிற்காது. கார்டில் கட்டியிருந்தால் ரத்தாகும்போது பணத்தைத் திரும்ப வாங்குவது சுலபம். கம்பெனியில் நேரடியாக எடுத்த டிக்கெட்டுக்கு 7 நாளுக்குள் கார்டுக்குத் திருப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. எடுத்த பின் விலைப் பக்கம், பணம் கட்டிய பக்கம், மெயில் மூன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பி.என்.ஆர். கம்பெனியின் சொந்த ஆப்பில் திறந்து ‘கன்ஃபர்ம்ட்’ என்று காட்டினால்தான் டிக்கெட். ஏஜென்ட் தளம் அனுப்பும் ‘ப்ராசஸிங்’ மெயில் டிக்கெட் ஆகாது.

கப்பல் தேதியையும் ஒரு கண் பார்த்து வையுங்கள். விமான விலை ஆடுகிற இந்த ஊரில் ஆடாத விலை அதற்குத்தான். கப்பல் துறை டைரக்டரேட் விடும் சென்னைக் கப்பலில் தீவுக்காரர்களுக்குத் தனிக் கட்டணம். ஐலேண்டர் கார்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய மூன்று நாள் கடல், மாதத்துக்குச் சில பயணம்தான், அறிவித்த தேதியும் தள்ளிப்போகும். காலேஜ் சேரப் போகிற பிள்ளைக்கு மூட்டை முடிச்சோடு போக இது போதும். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவருக்கு ஆகாது.

ரயிலுக்கு 60 நாள் கணக்கை விமானத்தோடு சேர்த்துப் போடுங்கள். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. விமானம் ஆறு மாதம் முன்பே கிடைக்கும். ஆகவே மலிவாக விமானம் எடுத்தவுடன், அந்தத் தேதிக்கு 60 நாள் முன்பு எது என்று பார்த்து போனில் அலாரம் வையுங்கள். தீபாவளி நெல்லை, பாண்டியன் எக்ஸ்பிரஸ்களுக்கு அன்று காலை எட்டு மணிக்கு உட்காராதவருக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான்.

ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை இன்றே இணையுங்கள். 2025 ஜூலை 1 முதல் ஆன்லைன் தட்கலுக்கு அது கட்டாயம். தட்கல் முந்தின நாள் ஏ.சி.க்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. சென்னை இறங்கி எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் அந்த நேரம் கடந்திருக்கும், இங்கிருந்தே எடுங்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்த பிறகு நெட் பரவாயில்லை, என்றாலும் ஓ.டி.பி. வருகிற சிம்முக்கு வீட்டில் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு ஊழியர் எல்.டி.சி. என்றால் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. மூன்றில் ஒன்றில் எடுங்கள். வேறு ஆப்பில் பாதி விலைக்குக் கிடைத்தாலும் பில் பாஸாவது கஷ்டம்.

எரர் ஃபேர் பற்றி நாலு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். கம்பெனிகள் இதில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. 2009 அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு அடிப்படைக் கட்டணம் வெறும் 40 டாலர் என்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் டிக்கெட் வெளியே போனது. சென்னைக்குப் போகலாம் என்று துள்ளியவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது ரத்து மெயிலும் அடுத்த பயணத்தில் தள்ளுபடியும்தான். 2019 புத்தாண்டு அன்று கேத்தே பசிபிக், வியட்நாமிலிருந்து அமெரிக்காவுக்கு முதல் வகுப்பு டிக்கெட்டை ஆயிரம் டாலருக்கும் குறைவாக விற்றுவிட்டது. தவறு என்று ஒப்புக்கொண்டு, வாங்கியவர்களை ஏற்றிக்கொண்டே போனது. 2023 ஆகஸ்டில் குவாண்டாஸ் நடுவழியைப் பிடித்தது: முதல் வகுப்பு வாங்கிய சுமார் 300 பேருக்கு பிஸினஸ் வகுப்பு கொடுத்தது.

சட்டம்? அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2015-இல் ஒரு நிலைப்பாடு எடுத்தது: தவறான விலை என்று கம்பெனி நிரூபித்தால் ஏற்றிச்செல்ல வேண்டியதில்லை, ஆனால் அந்த டிக்கெட்டை நம்பி வாங்கியவர் செய்த நியாயமான செலவைத் திருப்பித் தர வேண்டும். நம் நாட்டில் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஒரு தரப்பு மட்டும் தவறு செய்தது என்பதற்காகவே ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது என்கிறது. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. டிக்கெட்டின் பொடி எழுத்து நிபந்தனையில் கம்பெனி தனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கும். நுகர்வோர் கமிஷனில் நீங்கள் ஜெயித்து வருவதற்குள் போக வேண்டிய கல்யாணம் முடிந்து குழந்தையும் பிறந்திருக்கும்.

செய்யக்கூடாதவை

எரர் ஃபேர் மேல் வேறு செலவை அடுக்காதீர்கள். இரண்டு வாரமாவது போகட்டும். ரத்தானால் திரும்பக் கிடைக்காத ஹோட்டல், அடுத்த விமானம், பேக்கேஜ் எதையும் அதுவரை தொடாதீர்கள். டிக்கெட் பணம் திரும்பி வரும்; மற்றதற்கு யாரும் பொறுப்பில்லை.

கம்பெனிக்குப் போன் செய்து ‘இந்த விலை நிஜம்தானா’ என்று கேட்காதீர்கள். தவறை நீங்களே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகும். ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவதும் அதே கதைதான்.

ஆஸ்பத்திரிப் பயணத்தை மலிவு டிக்கெட்டில் வைக்காதீர்கள். ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியில் சென்னைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், தேதி மாற்ற முடிகிற டிக்கெட்டை எடுங்கள். ஸ்கேன் தேதி தள்ளும், டாக்டர் இன்னும் ரெண்டு நாள் இருங்கள் என்பார். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்த டிக்கெட்டுக்கு மாற்றக் கட்டணமும் விலை வித்தியாசமும் சேர்ந்து அதைப்போல மூன்று மடங்கு கேட்கும். இறுதிச் சடங்குக்குப் போகிற பயணமும் அப்படியே. அந்த நேரத்தில் விலை பார்த்து உட்காராதீர்கள், கிடைக்கிற முதல் ஸீட்டை எடுங்கள்.

விமானம் இறங்குகிற அன்றே இரவு ரயிலை நெருக்கமாக வைக்காதீர்கள். ரயிலோடு ரயிலை இணைக்கும் பி.என்.ஆர். வசதி 2019 ஏப்ரல் முதல் இருக்கிறது. முதல் ரயில் லேட்டாகி அடுத்ததைத் தவறவிட்டால் பணம் கேட்கலாம். விமானத்துக்கும் ரயிலுக்கும் அப்படி ஒரு பாலம் இல்லை. மழைக்காலத்தில் நம் ஓடுபாதையில் இறங்க முடியாமல் விமானம் வந்த வழியே திரும்புவது ஒன்றும் புதிதல்ல. மே முதல் நவம்பர் வரை ஒரு ராத்திரி சென்னையில் தங்குகிற மாதிரி திட்டமிடுங்கள். மற்ற மாதங்களில் ஐந்து, ஆறு மணி நேர இடைவெளி வையுங்கள். விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன் இருக்கிறது. உங்கள் ரயில் எழும்பூரிலிருந்தா தாம்பரத்திலிருந்தா என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு எந்தப் பக்க மின்சார ரயில் என்று முடிவு செய்யுங்கள்.

வானிலையால் ரத்தானால் நஷ்டஈடு வரும் என்று எண்ணாதீர்கள். டி.ஜி.சி.ஏ. விதியில் கம்பெனியின் சொந்தக் காரணத்துக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால்தான் நஷ்டஈடு. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். மழை, காற்று அதில் வராது. ஆனால் முழுப் பணம் அல்லது மாற்று விமானம் உங்கள் உரிமை. கவுன்ட்டரில் அதைக் கேட்காமல் திரும்பாதீர்கள்.

‘கிரெடிட் ஷெல்லில் போட்டுவிடுகிறோம்’ என்றால் தலையாட்டாதீர்கள். பணமாகவா, அடுத்த பயணத்துக்கா என்பது உங்கள் விருப்பம் என்று விதியே சொல்கிறது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் என்று இரண்டு கம்பெனிகள் பறப்பதை நிறுத்தின. நம் ஊருக்கு வந்துபோன கம்பெனிகள்தான் இரண்டும். மூடிய கம்பெனியின் கிரெடிட் வெறும் நம்பர்.

போகாத டிக்கெட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். நான்-ரீஃபண்டபிள் என்று போட்டிருந்தாலும் விமான நிலையக் கட்டணமும் வரிகளும் திரும்ப வரவேண்டும். ரத்துக் கட்டணமும் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் சர்சார்ஜ் இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. குடும்பத்தில் நான்கு பேர் என்றால் அது விடக்கூடிய தொகையா?

ஒரே பி.என்.ஆரில் உள்ள எந்தக் கட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். சில நாளில் சென்னை மட்டும் எடுப்பதைவிட, சென்னை வழி மதுரை டிக்கெட் மலிவாக இருக்கும். சென்னையில் இறங்கிவிடலாம் என்று தோன்றும். செக்-இன் செய்த பெட்டி மதுரைக்குப் போய்விடும். திரும்பும் டிக்கெட்டும் அதே பி.என்.ஆரில் இருந்தால் அதுவும் செல்லாது. கைப்பை மட்டும், ஒருவழி மட்டும் என்றால்தான் யோசிக்கவே வேண்டும்.

அரசு உச்சவரம்பு காப்பாற்றும் என்று காத்திருக்காதீர்கள். 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தானபோது, 6-ஆம் தேதி மத்திய அரசு தூரத்தை வைத்து விலைக்குக் கூரை போட்டது. 1,000 முதல் 1,500 கிலோமீட்டருக்கு 15,000 ரூபாய், வரிகள் தனி. சென்னை வழித்தடம் அந்தக் கணக்கில்தான் வந்தது. அது நெருக்கடிக்கு வைத்தியம். கொரோனாவில் போட்ட கட்டண வரம்பும் 2022 ஆகஸ்டோடு முடிந்தது. பண்டிகை விலைக்கு அப்படி ஒரு கூரை இல்லை.

ப்ரீமியம் தட்கலைத் தட்கல் என்று நினைத்து அழுத்தாதீர்கள். அதில் ஸீட் குறையக் குறைய விலை ஏறும், கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா வராது. சதாப்தி, துரந்தோவில் 2016 செப்டம்பர் முதல் இருக்கும் ஃப்ளெக்ஸி கட்டணமும் அப்படித்தான்: பத்து சதவீத ஸீட் நிரம்பும்போதெல்லாம் பத்து சதவீதம் ஏறும். மற்றபடி தென்மாவட்ட எக்ஸ்பிரஸ்களில் விலை ஒன்றேதான். அங்கே ஸீட்டுக்குத்தான் சண்டை.

ஒரே விமானத்தைத் திரும்பத் திரும்பத் தேடினால் விலை ஏறும் என்று பயந்து போனை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். நீங்கள் யோசித்த நேரத்தில் இன்னொருவர் கீழ் அடுக்கு ஸீட்டை எடுத்திருப்பார், அல்லது தளம் பழைய விலையைக் காட்டிக்கொண்டிருந்திருக்கும். செவ்வாய்க்கிழமை மலிவு என்பதையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் ‘பாதி விலை சென்னை டிக்கெட்’ என்று வருகிற ஆளுக்கு யு.பி.ஐ.யில் பணம் அனுப்பாதீர்கள். எரர் ஃபேர் கம்பெனியின் தளத்தில் விழும், முன்பின் தெரியாதவர் பையில் விழாது. திருட்டுக் கார்டில் டிக்கெட் எடுத்து உங்களுக்கு விற்று, பி.என்.ஆரையும் காட்டுவார்கள், கார்டுக்காரர் புகார் கொடுத்ததும் டிக்கெட் ரத்து, நீங்கள் கவுன்ட்டரில் நிற்பீர்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு மாறிப் போய்விடும்.

கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடாதீர்கள். முதலில் வருவது போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். டிக்கெட் மெயிலில் உள்ள நம்பர், இல்லையென்றால் கம்பெனியின் ஆப். அங்கே காரியம் ஆகாவிட்டால் விமானத்துக்கு ஏர்சேவா தளம், ரயிலுக்கு 139, பொதுவாக நுகர்வோர் புகாருக்கு 1915. இந்த மூன்றையும் இப்போதே போனில் சேமித்து வைத்துவிட்டு, வீட்டில் யார் வழக்கமாக டிக்கெட் போடுகிறார்களோ அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.